தையல்நாயகிக்குப் பத்திரிகை வரவில்லை

ஒலக்கூருக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊரில், எடைமேடைச் சீட்டு கைக்கு வராமல் லாரியை நகரவிடாத ஒரே ஆள் தையல்நாயகிதான். லாரிக்காரன், "சீட்ட அப்புறமா அனுப்புறேம்மா" என்று சொல்லிப் பார்ப்பான். "நீ அனுப்புறதுக்குள்ள எனக்குப் பல்லு போயிடும். இங்கயே குடு" என்பாள். வாங்கி, இரண்டாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் வழிவிடுவாள்.

அவள் கணவன் புகழேந்தி 2013 ஐப்பசியில் காய்ச்சலில் இறந்தான். அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. மகள் கலைப்பிரியா ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். மயிலத்தில் இருக்கும் தம்பி சீனுவாசன் வந்து, இரண்டரை ஏக்கரையும் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி சொன்னான். "நெலத்த விட்டுட்டு ஒன் வூட்ல வந்து நான் இன்னா பண்ணுவேன்? ஒன் பொண்டாட்டிகிட்ட சண்ட போடறதா?" என்று கேட்டு அவனுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினாள். நான்கைந்து வருடம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டாள். அதில் கையைக் கடித்ததும் 2018இல் தர்பூசணிக்கு மாறினாள். மார்கழியில் விதை ஊன்றி மாசி பங்குனியில் அறுப்பது. மனிதர்களைத் திட்டுவாளே தவிர ஏமாற்றியது கிடையாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

அந்த முதல் வருடத்திலிருந்து அவளிடம் பழம் வாங்கியவன் திண்டிவனத்து வியாபாரி ஆனந்தராஜ். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். 'குட்டியானை' என்று எல்லோரும் சொல்லும் சின்ன சரக்கு வண்டி ஒன்று வைத்திருந்தான். அதில் வந்து வயலில் இறங்கி, பழத்தைத் தட்டிப் பார்த்து, விலை பேசி, கொஞ்சம் முன்பணம் கொடுப்பான். பழம் லாரியில் ஏறியதும் மீதிக்கு ஒரு மாதம் தள்ளித் தேதி போட்டுக் காசோலை கொடுப்பான். கொடுக்கும்போது, "அக்கா, நான் போன் பண்ணாம பேங்குல போட்டுடாதீங்க" என்று சொல்வான். எங்கள் பக்கத்தில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இதுதான் பழக்கம். காசோலை என்பது பணம் இல்லை. வியாபாரியின் வார்த்தைக்கு ஒரு பிடிமானம், அவ்வளவுதான். அதுவரை ஒவ்வொரு வருடமும் தேதிக்கு முன்பே போன் வந்தது.

2025 மார்ச்சில் அவள் வயலில் முப்பத்திரண்டு டன் அறுத்தார்கள். டன் ஒன்பதாயிரம். முன்பணம் ஐம்பத்தெட்டாயிரம் போக, மீதி இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கு ஏப்ரல் 15ஆம் தேதி போட்டுக் காசோலை கொடுத்தான். லாரிகள் போன அடுத்த வாரம், பழத்துக்குள் ஊசி போட்டுச் சிவப்பேற்றுகிறார்கள் என்று கைப்பேசியில் ஒரு பேச்சுப் பரவியது. ஜனங்கள் தர்பூசணியைத் தொடப் பயந்தார்கள். போன சரக்கு போன இடத்திலேயே அழுகியது. மற்ற வியாபாரிகள் வந்து, "டன்னுக்கு மூவாயிரம்னு ஒத்துக்கோங்க, இல்லாட்டி அதுவும் கெடையாது" என்று விவசாயிகளிடம் பேரம் பேசினார்கள். ஆனந்தராஜ் அப்படிப் பேசவில்லை. பேசிய விலை பேசியதுதான், பணத்துக்கு மட்டும் நாள் வேண்டும் என்று சொன்னான். எங்கள் ஊரில் அவளைத் தவிர இன்னும் மூன்று பேருக்கு அவன் பாக்கி வைத்திருந்தான். ஏப்ரல் 15 வந்தது. போன் வரவில்லை.

கலைப்பிரியாவின் கல்யாணத்தை அதற்கு முன்பே வைகாசிக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். மாப்பிள்ளை மணிமாறன் கிளியனூர்ப் பக்கம். தர்பூசணிப் பணத்தை நம்பித்தான் தையல்நாயகி நாள் குறித்தாள். பணம் வராததால் தன் ஒன்பது பவுனையும் அடகு வைத்தாள்.

மயிலம் மலையில் தாலி கட்டி, கீழே மண்டபத்தில் விருந்து. மொய் எழுத நான் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒலிபெருக்கிக்காரன் மைக்கை வைத்துக்கொண்டு, நூறு ரூபாய் என்றாலும் பெயரையும் ஊரையும் சொல்லி அறிவித்துக்கொண்டிருந்தான். எங்கள் பக்கத்தில் மொய் ஐந்நூறு, ஆயிரம். தாய்மாமன் என்றால் மட்டும் கூடுதலாக வைப்பார். ஆனந்தராஜ் மனைவி மலர்விழியோடும் இரண்டு பிள்ளைகளோடும் பேருந்தில் வந்து இறங்கினான். குட்டியானை இல்லாமல் அவனை நான் பார்த்தது அன்றுதான். மேசைக்கு முன்னால் குனிந்து ஐந்நூறு ரூபாய்க் கட்டு ஒன்றை வைத்து, "ஐம்பதாயிரம்னு எழுதுங்க ஐயா. மைக்குல சொல்ல வேணாம்" என்றான்.

நான் எண்ணி எழுதினேன். ஆனால் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த ஒலிபெருக்கிக்காரனுக்கு அன்றைக்கு அதைவிடப் பெரிய செய்தி எங்கே கிடைக்கப்போகிறது? "திண்டிவனம் ஆனந்தராஜ் ஐம்பதாயிரம்" என்று இரண்டு தடவை சொன்னான். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவனிடம் பாக்கி வரவேண்டிய மூவரில் ஒருவரான கண்ணையன் வரிசையில் நின்றிருந்தார். "என் பாக்கி வரணும்னா நானும் ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் வெக்கணும் போலக்குது. எனக்கு இருக்கறது ரெண்டும் பையன், இன்னா பண்றது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனந்தராஜும் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டான்.

பிறகு அவன் பந்தி நடக்கும் இடத்துக்குப் போனான். வாசலில் தையல்நாயகி தனியாக நின்றிருந்தாள். அவளிடம் அவன் சொன்னது இது: "அக்கா, இப்போதிக்கி இவ்ளோதான் பொரட்ட முடிஞ்சுது. மத்தவங்க பாத்தா சுத்திக்குவாங்கன்னு மொய்யில குடுத்துட்டேன். மீதிய ஆடி கழிச்சு குடுத்துடறேன்."

"மொதல்ல சாப்புடு. புள்ளைங்களுக்கு வடை வெக்கச் சொல்லு" என்றாள் அவள்.

அவர்கள் பேசியது வேறு யார் காதிலும் விழவில்லை. அவன் சொன்னதை அவள் புரிந்துகொண்டாள். புரிந்தது என்று அவளே பின்னால் என்னிடம் சொன்னாள். வண்டியை விற்றுக் கொடுத்த பணம் என்பது மட்டும் அவளுக்கு அன்று தெரியாது.

ஜூலை முதல் வாரம் தம்பி சீனுவாசன் வந்தான். நகை வட்டி ஏறிக்கொண்டிருந்தது. "அக்கா, செக்குக்கு மூணு மாசந்தான் உசிரு. பதினஞ்சாம் தேதி தாண்டினா அது பொட்டலம் மடிக்கத்தான் ஆவும். ஜல்தியா போடு" என்றான்.

"ஆடி கழிச்சு தர்றேன்னான்டா."

"ஆடி கழிச்சு அவன் தர்லன்னா? கையில இருக்கற ஒரே பிடியும் போயிடும். அவன் ஊருக்கெல்லாம் பாக்கி."

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம். தையல்நாயகி ஆனந்தராஜுக்குப் போன் போட எடுத்தாள். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டாள். போன் பண்ணினால் அவன் கெஞ்சுவான், தான் விட்டுக்கொடுத்துவிடுவோம் என்று பயம். ஐம்பதாயிரத்தைக் கழித்து எழுதக் காசோலையில் இடமிருக்கிறதா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. எழுதிய தொகை எழுதியபடி, இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கே ஜூலை 10ஆம் தேதி வங்கியில் போட்டாள். கணக்கில் பணம் போதவில்லை என்று மறுநாளே திரும்பிவிட்டது. அதற்கு அவள் கணக்கிலிருந்தும் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று மாலை ஆனந்தராஜிடமிருந்து போன் வந்தது. அவள் எடுத்துப் பேசாமல் தம்பி கையில் கொடுத்துவிட்டாள். கைப்பேசியில் ஸ்பீக்கரைப் போட்டு வைத்தான் சீனுவாசன்.

"அக்கா, செக்கு போட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நான் அவங்க தம்பி பேசறேன். ரெண்டு முப்பதை எடுத்து வெச்சிட்டு அப்புறம் வார்த்தை பேசு."

"ரெண்டு முப்பதா?" என்றான் ஆனந்தராஜ்.

"பின்ன?"

"அக்கா பக்கத்துல கீறாங்களா?"

"இங்கதான் உக்காந்துக்கினு இருக்குது. கேட்டுக்கினுதான் இருக்குது."

"சரிங்க" என்று வைத்துவிட்டான்.

தையல்நாயகி தன் வாழ்க்கையில் செய்த தவறு எது என்று கேட்டால் வங்கியில் காசோலை போட்டதைச் சொல்ல மாட்டாள். அந்த 'சரிங்க'வுக்கு முன்னால் தான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததைத்தான் சொல்வாள்.

திண்டிவனத்தில் வக்கீல் ஆரோக்கியராஜிடம் போனார்கள். அவர் காசோலையையும் வங்கிச் சீட்டையும் வைத்துக்கொண்டு சட்டத்தைச் சொன்னார். முதலில் நோட்டீஸ் விட வேண்டும். கிடைத்த பதினைந்து நாளில் அவன் கொடுக்காவிட்டால் வழக்கு. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒண்ணு கேக்கணும். இந்த ரெண்டு முப்பதுல எதுனா வாங்கிட்டிருக்கீங்களா? பாதி வாங்கிக்கினு முழுசுக்கும் செக்கு போட்டிருந்தா கேஸ் நிக்காது" என்றார்.

தையல்நாயகி மேசை மேல் இருந்த காலண்டரைப் பார்த்தாள். சீனுவாசன்தான் பதில் சொன்னான். "ஒண்ணும் வாங்கலிங்க. கல்யாணத்துல மொய் வெச்சான். அது வேற."

"எவ்வளோ?"

"அம்பதாயிரம்."

வக்கீல் அவளைப் பார்த்தார். "ஏம்மா, அது மொய்தானா?"

அவள் பேசவில்லை. வக்கீல் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, "மொய்னா மொய்தான். அத்த இதுல கொண்டாராதீங்க" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். நோட்டீஸ் போனது. பதில் வரவில்லை. செப்டம்பரில் திண்டிவனம் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள்.

ஒரு பதில் எழுதி, ஐம்பதாயிரம் கொடுத்திருக்கிறேன் என்று அவன் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். எங்கள் பக்கத்து மனிதர்கள் கேட்க மாட்டார்கள். வைத்த மொய்யைச் சொல்லிக் காட்டுவதைப்போல் கேவலம் எங்களுக்கு வேறு கிடையாது. திருப்பி வைக்காதவனைக்கூட முதுகுக்குப் பின்னால்தான் பேசுவோம். மைக்கில் ஊரறிய மொய் என்று அறிவித்ததை, நோட்டீஸ் வந்த பிறகு, அது கடனுக்குக் கொடுத்தது என்று சொன்னால் ஊர் சிரிக்கும். தன் வக்கீலிடம்கூட அவன் சொல்லவில்லை. அவன் வாய் கட்டியிருப்பது தையல்நாயகிக்குத் தெரியும். அதன்மேல்தான் வழக்கு நின்றுகொண்டிருந்தது என்பதும் தெரியும்.

முதல் வாய்தாவன்று கோர்ட்டு மரத்தடியில் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். அவன்தான் முதலில் பேசினான். "சாப்ட்டீங்களா அக்கா?" எப்போதும் வயலில் இறங்கும்போது கேட்பது போலவே கேட்டான். அவள் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். ஆனால் சாப்பிட்டேன் என்று சொல்ல வரவில்லை. அன்றைக்கு ஊருக்குத் திரும்பும் பேருந்தில், ஆனந்தராஜ் வண்டியை விற்று ஐந்தாறு மாதம் ஆகிறது, இப்போது அடுத்தவர் வண்டியில் கூலிக்கு ஏற்றி இறக்குகிறான் என்று யாரோ பேசிக்கொண்டு வந்தார்கள். அவள் மனதுக்குள் மாதங்களை எண்ணிப் பார்த்தாள். வண்டி போனது வைகாசியில்தான். மகள் கல்யாணத்துக்குச் சற்று முன்னால்.

அதன் பிறகு அவளுக்குத் தூக்கம் சரியில்லை என்று கலைப்பிரியா கிளியனூரிலிருந்து எனக்குப் போன் செய்து சொன்னாள். "அம்மா சும்மாவே சண்ட போடுவாங்க. இப்ப சண்டையும் போடறதில்ல. அதான் பயமாக்கீது" என்றாள்.

தை மாதம் ஆனந்தராஜின் மகள் இளவரசிக்கு மஞ்சள் நீராட்டு விழா. எங்கள் ஊரில் அவனுக்குப் பழக்கமான வீடுகளுக்கெல்லாம் பத்திரிகை வந்தது. பாக்கி வரவேண்டிய கண்ணையனுக்கும் வந்தது. தையல்நாயகிக்கு வரவில்லை.

சீனுவாசன் சிரித்தான். "நல்லதாப் போச்சுக்கா. வெச்சிருந்தா அம்பதாயிரம் திருப்பி வெக்கணும். தப்பிச்ச."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மொய் வாங்கியவர் வீட்டுக்குப் பத்திரிகை வைக்காமல் யாரும் விசேஷம் செய்வதில்லை. எவ்வளவு பகை இருந்தாலும் ஆள் மூலம் பத்திரிகை வரும். நாமும் ஆள் மூலம் மொய்யைத் திருப்பிவிடுவோம். வண்டி விற்றவன், கூலிக்குப் போகிறவன், பெண்ணுக்கு விசேஷம் செய்கிறவன், வரவேண்டிய ஐம்பதாயிரத்தைக் கேட்காமல் விடுவானா? அவனைப் பொறுத்தவரை அப்படி ஒன்று வரவேண்டியதே இல்லை. கடனில் கழிந்துவிட்டது. கோர்ட்டில் சொல்லாததை அவன் பத்திரிகை வைக்காமல் சொல்லியிருந்தான். ஊரில் வேறு யாருக்கும் அது விளங்கவில்லை. விளங்க வேண்டியவளுக்கு விளங்கியது.

அப்போது அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்த ஐம்பதாயிரத்தை மொய்யாகவே திருப்பி வைத்துவிட்டால்? அப்புறம் அவன் தரவேண்டியது இரண்டு முப்பதுதான். நோட்டீஸில் எழுதியதும் உண்மையாகிவிடும், கோர்ட்டில் சொல்லப்போவதும் உண்மையாகிவிடும். கறவை மாட்டைக் கன்றோடு விற்றாள். கொஞ்சம் குறைந்ததைக் கைமாற்று வாங்கினாள். பத்திரிகை இல்லாமலே திண்டிவனத்துக்குப் பேருந்து ஏறினாள்.

மண்டப வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த மலர்விழி இவளைப் பார்த்ததும் கையை நிறுத்தினாள்.

"வாங்க. கோர்ட்டு இந்தத் தெருவுல இல்லியே. தேதியத் தப்பா எழுதிக்கினு வந்துட்டீங்களா?"

"பொண்ணப் பாக்க வந்தேன்மா."

"பாருங்க. அப்பங்காரனைத்தான் கூண்டுல ஏத்தியாச்சு. பொண்ணையாவது நல்லா இருன்னு சொல்லிட்டுப் போங்க."

தையல்நாயகி மேடைக்குப் போய் இளவரசிக்குச் சந்தனம் பூசி, அட்சதை போட்டாள். கீழே இறங்கி மொய் மேசைக்கு வந்து, மஞ்சள் பையிலிருந்து பணத்தை எடுத்து வைத்தாள். "தையல்நாயகி, ஐம்பதாயிரம்" என்றாள். எழுதுகிறவர் பேனாவைத் திறந்தார். எங்கிருந்தோ ஆனந்தராஜ் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எழுதாதீங்க."

"ஏன்டா, நான் வெக்கக் கூடாதா?" என்றாள் தையல்நாயகி.

"நான் ஒங்களுக்குப் பத்திரிகை வெக்கலியே அக்கா." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இத்த நான் வாங்கிக்கினா அன்னிக்கு நான் குடுத்தது மொய்யாயிடும். வண்டிய வித்து யாருனா மொய் வெப்பாங்களா? நீங்க கோர்ட்ல இன்னா வேணா சொல்லிக்குங்க. எங்கையால அத்த மொய்யாக்கச் சொல்லாதீங்க."

"எனக்கு வேற வழி தெரியலடா."

"அது எனக்குந்தான் தெரியல. வந்துட்டீங்க, சாப்ட்டுப் போங்க."

பணத்தை எடுத்து அவள் பையில் அவனே போட்டான். அவள் சாப்பிட உட்கார்ந்தாள். சாப்பிடாமல் எழுந்து போனால் அந்த வீட்டுக்கு இன்னொரு அவமானம் என்று நினைத்திருக்கிறாள். பாயசம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். எதிர் வரிசையில் கண்ணையன் இருந்தார். "இன்னாம்மா, பத்திரிகை வந்துச்சா?" என்று கேட்டார். "வந்துச்சு" என்று பொய் சொன்னாள். அவள் பொய் சொல்லி நான் கேள்விப்பட்டது இந்த வழக்குக்குப் பிறகுதான்.

ஊருக்குத் திரும்பியதும் நேராக என் வீட்டுக்கு வந்தாள். நடந்ததையெல்லாம், மயிலத்தில் பந்தி வாசலில் அவன் சொன்னது முதல், அப்போதுதான் என்னிடம் சொன்னாள். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள்.

"பெரியப்பா, அன்னிக்கு நீங்க எழுதும்போது ஒங்களுக்கு ஒண்ணும் தோணலியா?"

"தோணுச்சும்மா. மாமன் மச்சான் இல்ல, இவன் எதுக்கு இவ்ளோ வெக்கிறான்னு தோணுச்சு."

"கேட்டிருக்கலாம்ல?"

"மொய் எழுதறவன் அத்தக் கேக்கக் கூடாதும்மா."

"ஆமா. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. கேட்ட வக்கீலுக்கும் நான் சொல்லல" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அவளுக்கு எந்த யோசனையும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் வழக்குப் போய்விடும். அவளுக்கு நியாயமாக வரவேண்டிய ஒரு லட்சத்து எண்பதாயிரமும், அடகில் இருக்கும் ஒன்பது பவுனும் அதோடு போனாலும் போகும். சொல்லாவிட்டால் ஆனந்தராஜ் ஐம்பதாயிரத்தை இரண்டு முறை கட்ட வேண்டும், அல்லது ஜெயிலுக்குப் போக வேண்டும். இதில் யார் என்ன யோசனை சொல்வது?

பிப்ரவரியில் அவளைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். சீனுவாசன், நான், இன்னும் சிலர் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஆனந்தராஜ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுடைய வக்கீல் இளைஞர். கையில் பிடிமானம் ஒன்றும் இல்லாததால் வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டு போனார். பழம் எத்தனை டன், விலை என்ன, காசோலையில் எழுதியது யார். எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னாள். கடைசியில், காகிதத்தைப் பார்த்தபடியே, "இந்தத் தொகையில் எதிரி உங்களுக்கு ஒரு பகுதியைக் கொடுத்திருக்கிறார் என்று சொல்கிறேன்" என்றார். இல்லை என்று பதில் வரும், குறித்துக்கொண்டு உட்காரலாம் என்றுதான் அவர் கேட்டது.

"ஆமாங்க. அம்பதாயிரம் குடுத்தாரு" என்றாள் தையல்நாயகி.

அவர் தலையைத் தூக்கினார். ஆரோக்கியராஜ் எழுந்தே விட்டார். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, "எப்போது கொடுத்தார்?" என்று அவளிடம் கேட்டார்.

"எம் பொண்ணு கல்யாணத்துலங்க. மொய்னு எழுதிக் குடுத்தாரு. ஆனா அது கடனுக்குங்க."

"செக் போட்டது அதற்குப் பிறகுதானே?"

"ஆமாங்க."

"அப்போது அது கடனுக்குக் கொடுத்தது என்று தெரியாதா?"

அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். தெரியாது என்று சொல்லியிருந்தால் ஏமாளி என்று பெயர் வந்திருக்கும், அதோடு போயிருக்கும்.

"தெரியுங்க" என்றாள். "அன்னிக்கே தெரியும். அவரு எங்கிட்ட சொல்லிட்டுதான் குடுத்தாரு."

நீதிபதி எழுதிக்கொண்டார். ஆனந்தராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குப் பக்கத்தில் இருந்த சீனுவாசன் எழுந்து வெளியே போய்விட்டான். அன்று முதல் அவன் அக்காவோடு பேசுவதில்லை.

வெளியே மரத்தடியில் ஆரோக்கியராஜ் கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினார். "அன்னிக்கே ஒங்ககிட்ட கேட்டேனேம்மா."

"மொய்னா மொய்தான்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"நீங்க பேசாம இருந்தீங்க. பேசாம இருக்கறவங்களுக்கு நான் வேற இன்னா சொல்றது?"

மார்ச்சில் வழக்குத் தள்ளுபடியானது. மாடு விற்ற பணத்தில் நகை வட்டியைக் கட்டினாள். முதல் அப்படியே இருக்கிறது. தீர்ப்பன்று ஆனந்தராஜ் அவளிடம் வந்து, "ஒண்ணு எண்பது இருக்குது அக்கா. தள்ளுபடியாச்சுன்னு ஓடிட மாட்டேன்" என்று மட்டும் சொன்னான். சித்திரைக்குள் இருபதாயிரம் கொண்டுவந்து கொடுத்தான். வீட்டு வாசலில் நின்றே கொடுத்தான். உள்ளே வரச் சொன்னதற்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டான். இந்த வருடம் அவளுடைய பழத்தை வேறு வியாபாரிதான் எடுத்தான்.

வைகாசியில் ஆனந்தராஜின் சின்னப் பையனுக்குக் காது குத்து. மயிலத்தில் மொட்டையடித்து அங்கேயே விருந்து. இந்தத் தடவை எனக்கும் பத்திரிகை வந்தது. தையல்நாயகி வந்து அதை வாங்கிப் பார்த்தாள். பையனின் பெயரையும் நாளையும் படித்தாள்.

"எனக்கு வரல பெரியப்பா."

"தெரியும்மா."

"வெக்காததுதான் சரி. அவன் எங்கிட்ட மொய்யே வெக்கல, அப்புறம் எந்த முறையில வெப்பான்?" என்றாள். பிறகு ஐந்நூற்றொரு ரூபாயை எடுத்து என்னிடம் கொடுத்தாள். "நீங்க போறீங்க இல்ல. எம் பேர்ல எழுதிடுங்க. வேணான்னா திருப்பிக் கொண்டாந்துடுங்க."

கொண்டுபோனேன். மேசையில் பணத்தை வைத்து அவள் பெயரைச் சொன்னதும் ஆனந்தராஜ் பக்கத்தில் வந்து நின்றான். நோட்டுகளைப் பார்த்தான்.

"இது மொய்தானே ஐயா?"

"மொய்தான்பா."

"எழுதிக்குங்க" என்று எழுதுகிறவரிடம் சொல்லிவிட்டு வந்தவர்களைக் கவனிக்கப் போய்விட்டான்.

ஊருக்கு வந்து அவளிடம் சொன்னேன். வயலில் வரப்பு மேல் உட்கார்ந்து ஆடிப் பட்டத்துக்கு மல்லாட்டை விதையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சொத்தையை ஒரு பக்கம், நல்லதை மடியில். அவன் கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே திரும்பச் சொல்லச் சொல்லி, இரண்டாவது தடவையும் கேட்டுக்கொண்டாள்.

"நான் ஏன் வரலன்னு கேட்டானா?"

"கேக்கலம்மா."

"கேக்க மாட்டான்" என்றாள். மறுபடியும் விதையைப் பொறுக்க ஆரம்பித்தாள்.